ஜிப்ஸியின் கால்களை அகட்டலாமா?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மிளகும் மலைவாழையும் ஊடுபயிர். அப்பா வாங்கிய 1991 மாடல் மாருதி ஜிப்ஸிதான் இன்றும் தோட்டத்துக்கு ஓடுகிறது. 970 சிசி, பழைய குறுகலான வண்டி. கேன்வாஸைக் கழற்றிவிட்டுத் தகரத்தில் பாடி கட்டி, மேலே கேரியரும் வைத்திருக்கிறோம். டயர் 205/70 ஆர்15.

தோட்டத்துப் பாதையில் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். இரண்டு இடங்களில் பாதையே பள்ளத்துப் பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு அந்த இடத்தைக் கடக்கும்போது வண்டி சாய்கிற சாய்வைப் பார்த்து, வீட்டில் உள்ளவர்கள் முன்கூட்டியே இறங்கி நடந்துவிடுகிறார்கள். எனக்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்கிறது.

சக்கரங்களை வெளியே தள்ளி வைத்தால் சரியாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி என்பதில்தான் ஆளுக்கு ஒரு யோசனை. பக்கத்துக்கு 30 மி.மீ. ஸ்பேசர் வாங்கிப் போட்டுவிடலாம், கூடவே 235 டயரும் போட்டால் வண்டி கெத்தாக இருக்கும் என்கிறான் மகன். சக்கர டிஸ்க்கை அறுத்துப் பட்டை வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார் வத்தலக்குண்டு பட்டறைக்காரர். ஏலத்தில் எடுத்த ஜிப்ஸி கிங்கின் ஆக்ஸில் இரண்டும் தன்னிடம் இருக்கிறது, அப்படியே மாட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்வது? ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஏதாவது சிக்கல் வருமா?

— ஒரு வாசகர், தாண்டிக்குடி

பதில்: மூன்று யோசனைகளில் ஒன்று நல்லது, ஒன்று சுமார், ஒன்று உயிருக்கு ஆபத்து. ஆனால் அதற்கு முன்பாகவே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அதில் யாருக்கும் வியாபாரம் இல்லை.

முதலில் உங்கள் வண்டியின் அளவைப் பார்த்துவிடுவோம். இடது டயரின் நடுவிலிருந்து வலது டயரின் நடு வரை உள்ள தூரத்தைத்தான் டிராக் என்கிறோம். 1985 டிசம்பரில் எம்.ஜி.410 என்ற பெயரில் ஜிப்ஸி இந்தியாவுக்கு வந்தபோது அது முன்னால் 1,210 மி.மீ., பின்னால் 1,220 மி.மீ. இருந்தது. உங்களுடையது அதே வண்டிதான். 1993 ஜூலையில் மாருதியே இதை 90 மி.மீ. கூட்டி, முன்னால் 1,300, பின்னால் 1,310 ஆக்கியது. அந்த மாடல் எம்.ஜி.410டபிள்யூ. மட்கார்டு விளிம்பில் பெயின்ட் அடித்த ஒரு புடைப்பு இருக்கும். அதை வைத்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம். 1996-ல் 1.3 லிட்டர் எஞ்சினோடு வந்த ஜிப்ஸி கிங்கிலும் இதே அகலம்தான். 2023-ல் இங்கே வந்த ஜிம்னியில் முன் டிராக் 1,395 மி.மீ. அதாவது உங்கள் வண்டியைவிட 185 மி.மீ. கூடுதல். ஆக, உங்கள் வண்டி குறுகல் என்ற புகாரில் பொய் இல்லை. கம்பெனியே ஒப்புக்கொண்டு மாற்றிய விஷயம் அது.

ஆனால் அந்த 90 மி.மீ. உங்களுக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் பார்த்தால் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

ஒரு வண்டி பக்கவாட்டில் கவிழ்வதற்கான எல்லை இரண்டு அளவுகளில் அடங்கியிருக்கிறது: டிராக்கில் பாதி, ஈர்ப்பு மையத்தின் உயரம். முதலாவதை இரண்டாவதால் வகுத்துக்கொள்ளுங்கள். விடை பெரிதானால் வண்டி நிற்கும், சிறிதானால் சாயும். உங்கள் வண்டியின் எடை சுமார் 1,000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மி.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். தகர பாடிக்கும் சுமைக்கும் ஏற்ப அது மாறும். காகிதத்தில் உங்கள் குறுகல் வண்டி கவிழும் கோணம் 43 டிகிரி. டிராக்கை 90 மி.மீ. கூட்டினால் 45 டிகிரி. கிடைத்தது 2 டிகிரி.

இப்போது கேரியரில் 60 கிலோ வைக்கிறோம். நாலைந்து மலைவாழைத் தார், அவ்வளவுதான். அந்தச் சுமையின் நடு தரையிலிருந்து 1,900 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. 1,000 கிலோ வண்டியின் ஈர்ப்பு மையத்தை அந்த 60 கிலோ சுமார் 70 மி.மீ. மேலே தூக்கிவிடுகிறது. குறுகல் வண்டியின் கோணம் 43-லிருந்து 40-க்கு இறங்குகிறது. அகல ஆக்ஸில் போட்ட வண்டியில் இதே சுமையை ஏற்றினால் 42 டிகிரிதான் வருகிறது. இன்னொரு தரம் படித்துப் பாருங்கள்: ஆக்ஸிலையே மாற்றி, மேலே தாரை வைத்த வண்டியைவிட, எதையுமே மாற்றாமல் கேரியரைக் காலியாக வைத்த உங்கள் பழைய வண்டி உறுதியாக நிற்கும்.

நான் சொன்ன முதல் வேலை இதுதான். கேரியரைக் கழற்றுங்கள். தாரைப் பின்பக்கத் தரையில் அடுக்குங்கள். பக்கவாட்டு சீட்டை மடக்கினால் இடம் கிடைக்கும். அப்போது கோணம் கிட்டத்தட்ட பழைய 43-க்கே திரும்பிவிடும். ஆக்ஸில் வேலை கொடுப்பதைவிடக் கூடுதலாக இது கொடுக்கிறது. ஒரு ஸ்பேனர் போதும்.

இந்த 43, 45 எல்லாம் வண்டி அசையாமல், ஸ்பிரிங் நெளியாமல் நின்றால் வரும் எண்கள். ஓடும் வண்டியில் ஸ்பிரிங் அமுங்கும், டயர் நசுங்கும், பள்ளத்துப் பக்கச் சக்கரம் ஒரு குழியில் இறங்கும், மலைப் பக்கச் சக்கரம் ஒரு கல்லில் ஏறும். இதெல்லாம் சேர்ந்தால் 25 டிகிரிச் சரிவே ஆபத்தான இடமாகிவிடலாம். எனவே எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 40 டிகிரி வரை போகலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் உள்ளவர்களை இறங்க வைக்கும் அந்தச் சாய்வு விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போது உங்களுக்குத் தெரிகிற சாய்வில் பெரும்பகுதி டயரில் நடப்பதில்லை, ஸ்பிரிங்கில் நடக்கிறது. ஜிப்ஸியின் நான்கு பக்கமும் பட்டை ஸ்பிரிங். அவை சக்கரத்தை ஒட்டி இல்லை, உள்ளே தள்ளி, சேஸிஸுக்கு நேர்கீழே இருக்கின்றன. பாடி சாய்வது அந்த நெருக்கமான இரண்டு வரிசைப் பட்டைகளின் மேல். ஸ்பேசர் போட்டாலும் சரி, ஆக்ஸிலை மாற்றினாலும் சரி, பட்டைகள் இருக்கிற இடத்திலேயேதான் இருக்கும். ஆகவே டிராக்கைக் கூட்டிய பிறகும் பாடி ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் சாயும். கவிழும் எல்லை கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும். வயிற்றைக் கலக்குவது குறையாது. செலவு செய்த பிறகு ‘ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே’ என்று பட்டறையில் போய்ச் சண்டை போடுபவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

அந்தச் சாய்வுக்கு வைத்தியம் பட்டையில் இருக்கிறது. வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில், சுமை எதுவும் இல்லாமல் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் ஒரே காற்று. ஒவ்வொரு சக்கரத்திலும் ஹப்பின் நடுவிலிருந்து நேர்மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் 10 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒரு பக்கப் பட்டை தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். டிரைவர் பக்கம் தொய்ந்திருப்பதுதான் வழக்கம். முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் வேறென்ன ஆகும். உங்கள் பாதையில் பள்ளம் வலப்பக்கம் இருந்தால், வண்டி சரிவுக்குள் நுழையும்போதே பள்ளத்தைப் பார்த்துச் சாய்ந்தபடிதான் நுழைகிறது. பட்டைகளை இறக்கி, உடைந்ததையும் தொய்ந்ததையும் மாற்றி, புஷ்ஷும் ஷாக்கும் புதிதாகப் போடுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்துச் செய்ய வேண்டும். ‘கூட ஒரு பட்டை சேர்த்துத் தூக்கிவிடவா?’ என்று கேட்பார்கள். வேண்டாம். தூக்கினால் ஈர்ப்பு மையமும் கூடவே ஏறும்.

இவ்வளவும் செய்த பிறகும் டிராக்கைக் கூட்டத்தான் வேண்டும் என்றால், உங்களிடம் வந்த யோசனைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

டிஸ்க்கை அறுத்து வெல்டிங் அடிப்பதை மறந்துவிடுங்கள். டிஸ்க்கின் நடுத்தட்டை அறுத்து உள்பக்கம் தள்ளிப் பற்றவைப்பதும், வளையத்தை வெட்டிப் பட்டை சேர்ப்பதும் ஒரு காலத்தில் ஜீப் பட்டறைகளில் சாதாரணமாக நடந்த வேலைதான். சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் அந்த வெல்டிங்கை ஒரு தடவை வளைத்து நிமிர்த்துகிறது. விரிசல் உள்பக்கத்தில், சேறு அப்பிய இடத்தில் தொடங்கும்; கண்ணில் படாது. அப்படி ஒரு டிஸ்க் கழன்றால் அது சமவெளியில் கழலப்போவதில்லை. பாரம் முழுவதும் ஒரு பக்கச் சக்கரத்தில் விழும் இடத்தில்தான், அதாவது உங்கள் சரிவில்தான் கழலும்.

ஸ்பேசரில் இரண்டு வகை உண்டு. ஒன்று வெறும் தட்டு. 5 மி.மீ., 10 மி.மீ. என்று கிடைக்கும், ஸ்டட்டில் கோத்துவிட்டு அதன் மேலேயே சக்கரத்தை மாட்டுவார்கள். இது ஸ்டட்டின் நீளத்தைத் தின்றுவிடும். ஜிப்ஸியின் ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரையின் இடைவெளி 1.25 மி.மீ. நட் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரையில் பிடிக்க வேண்டும் என்பது பொது விதி. 12-ஐ 1.25-ஆல் வகுத்தால் ஒன்பதரைச் சுற்றுக்குப் பக்கத்தில் வரும். நட்டைக் கையால் திருகும்போது எண்ணிப் பாருங்கள்: ஒன்பது சுற்றுக்கு முன்பே இறுகிவிட்டால் அந்தத் தட்டைக் கழற்றித் தூரப் போடுங்கள். 5 மி.மீ. தட்டு ஒன்றே நாலு சுற்றைப் பிடுங்கிக்கொள்ளும்.

இன்னொரு வகை, மகன் சொல்வது. தடித்த அலுமினியக் கட்டை. அது வண்டியின் ஹப்பில் தனி நட்டால் பூட்டப்படும், அதிலேயே இருக்கிற புதிய ஸ்டட்டில் சக்கரம் மாட்டப்படும். இதில் மரை பிரச்சினை இல்லை. நல்லதாக வாங்கினால், துளையின் வட்ட அளவும் (ஜிப்ஸிக்கு ஐந்து துளை, 139.7 மி.மீ.) நடு ஓட்டையும் சரியாக உட்கார்ந்தால், உடையும் என்று பயமுறுத்த மாட்டேன். முன் சக்கரத்தில் ஹப் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஸ்பேசர் அதில் இடிக்காமல் சமமாகப் படிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு வரிசை நட்டு. உள் வரிசை இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும், அதனால் யாரும் பார்ப்பதில்லை.

ஸ்பேசரில் எனக்கு இருக்கிற குறை நட்டு விஷயத்தில் இல்லை. அது சுமையை எங்கே கொண்டுபோகிறது என்பதில்தான். முன் சக்கரம் திரும்புவது கிங்பின்னைச் சுற்றி. கம்பெனி வடிவமைத்தபோது, டயர் தரையைத் தொடுகிற இடத்துக்கும் கிங்பின் கோடு தரையைத் தொடுகிற இடத்துக்கும் இடையே ஒரு தூரம் வைத்தார்கள். 30 மி.மீ. ஸ்பேசர் போட்டால் அந்தத் தூரம் 30 மி.மீ. கூடும். விளைவு ஸ்டியரிங்கில் தெரியும். ஒரு பக்கச் சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங் கையைப் பிடுங்கும். உங்கள் வண்டியில் பவர் ஸ்டியரிங் இல்லை. கட்டைவிரலை ஸ்டியரிங்கின் கம்பிக்குள் மாட்டிப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் விரல் முறியக்கூடும். மலைப்பாதையில் கட்டைவிரல் எப்போதும் வளையத்தின் மேலேயே இருக்க வேண்டும், ஸ்பேசர் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அடுத்தது பேரிங். முன் ஹப் பேரிங், கிங்பின் பேரிங், பின் ஆக்ஸில் ஷாஃப்ட் பேரிங் மூன்றும் தள்ளிப்போன சுமையை நெம்புகோல் போட்டதுபோல் வாங்கும். பழைய ஜிப்ஸிகளில் 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதற்கு வேர் பெரும்பாலும் தேய்ந்த கிங்பின் பேரிங்கில் இருக்கும். அதன் மேல் ஸ்பேசரையும் போட்டால் ஆட்டம் கூடத்தான் செய்யும். பின்னால் பேரிங் போனால் ஆயில் சீலும் போகும். கியர் ஆயில் கசிந்து பிரேக் டிரம்முக்குள் இறங்கும். மலை இறக்கத்தில் அது என்ன செய்யும் என்று தாண்டிக்குடிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

‘ஸ்பேசர்தானே தப்பு, வெளியே தள்ளிய ஆஃப்செட் ரிம் வாங்கினால்?’ என்று கேட்கலாம். நட்டு வரிசை ஒன்றாகக் குறையும், அது நல்லது. ஆனால் டயரை வெளியே தள்ளியது ரிம்மா, ஸ்பேசரா என்று பேரிங்குக்குத் தெரியாது. 30 மி.மீ. என்றால் 30 மி.மீ.தான். பக்கத்துக்கு 10 மி.மீ. அளவில் ஒரு நல்ல ஸ்டீல் ரிம் கிடைத்தால் போட்டுக்கொள்ளலாம். அதற்கு மேல் என் ஓட்டு இல்லை. பின்னால் மட்டும் ஸ்பேசர் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். முன் சக்கரம் போன தடத்தைப் பின் சக்கரம் பிடிக்காமல் ஓரத்தில் ஏறி இறங்கும். சேற்றில் தேவையில்லாத தொல்லை.

மூன்றாவது யோசனை, ஆக்ஸில் மாற்றுவது. மூன்றில் நல்லது இதுதான், ஏனென்றால் கம்பெனி செய்ததும் இதையே. ஆக்ஸில் ஹவுசிங்கே நீளம். கிங்பின், ஹப், பேரிங் எல்லாம் சேர்ந்தே 45 மி.மீ. வெளியே போய்விடுகின்றன. டயருக்கும் கிங்பின்னுக்கும் உள்ள உறவு மாறுவதில்லை. ஸ்பிரிங் உட்காரும் இடமும் ஒத்துப்போகும்.

ஆனால் ‘அப்படியே மாட்டிவிடலாம்’ என்பதை நம்பாதீர்கள். கிங்கின் ஆக்ஸில் 1.3 லிட்டர் எஞ்சினுக்கானது. உங்களுடையது 970 சிசி. கிரவுன்-பினியன் விகிதம் ஒன்றுதானா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இதைத் தரையில் படுத்தே பார்த்துவிடலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டிரான்ஸ்ஃபர் கியரை நியூட்ரலில் போடுங்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் சாக்பீஸால் ஒரு கோடு. டயரைச் சரியாக இரண்டு சுற்று சுற்றுங்கள். அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் உங்கள் விகிதம். வாங்கப் போகிற ஆக்ஸில் தரையில் தனியாகக் கிடந்தாலும் ஒரு ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு இதே சோதனையைச் செய்யலாம்.

விகிதம் வேறாக இருந்தால் இரண்டு விஷயம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கலந்து மாட்டவே கூடாது. ஜிப்ஸியில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் கிடையாது. ஃபோர்வீல் போட்டவுடன் இரண்டு ஆக்ஸிலும் ஒன்றையொன்று இழுத்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். இரண்டையும் ஜோடியாக மாற்றினாலும், சிறிய எஞ்சினுக்குப் பெரிய வண்டியின் விகிதம் கொடுத்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், ஸ்பீடாமீட்டரும் தப்பாகக் காட்டும். உங்கள் பழைய கிரவுன்-பினியனைப் புதிய ஹவுசிங்கில் வைக்க முடியுமா என்பது ஆக்ஸில் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் பற்களைப் பொறுத்தது. இரண்டிலும் எண்ணிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் 1993-க்கும் 1996-க்கும் இடையே வந்த 410டபிள்யூவின் ஆக்ஸில் ஜோடியைத் தேடுங்கள். அதே 970 சிசி எஞ்சின், அகலமான டிராக். உங்கள் வண்டிக்காகவே செய்து வைத்த மாதிரி. கிடைப்பது கொஞ்சம் சிரமம், காத்திருக்கலாம்.

எந்த ஆக்ஸில் வாங்கினாலும் அதோடு டை-ராடும் டிராக்-லிங்க்கும் சேர்த்துக் கேளுங்கள். டிராக் கூடினால் பழைய ராடின் நீளம் போதாது. பிரேக் டிஸ்க்கா, டிரம்மா, உங்கள் மாஸ்டர் சிலிண்டருக்குப் பொருந்துமா என்று பாருங்கள். புரொப்பல்லர் ஷாஃப்ட் ஃபிளாஞ்சின் துளைகள் ஒத்துப்போகின்றனவா என்று ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஏலத்து ஆக்ஸில் என்றால் கிங்பின் பேரிங், ஹப் பேரிங், சீல் எல்லாம் புதிதாகப் போட்டே ஏற்ற வேண்டும்; கழற்றி வைத்திருக்கும்போது செய்தால்தான் கூலி மிச்சம். ஹவுசிங் நேராக இருக்கிறதா என்பதையும் லேத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு டோ அலைன்மென்ட், 100 கிலோமீட்டர் ஓடியதும் யூ-போல்ட்டை மறுபடி இறுக்குவது. மட்கார்டுக்கு வெளியே டயர் 45 மி.மீ. துருத்தும், 410டபிள்யூவில் வந்த மாதிரி மட்கார்டு புடைப்பைப் பொருத்திவிடுங்கள். இல்லையென்றால் சேறும் கல்லும் கண்ணாடியில் வந்து அடிக்கும்.

அகலம் கூடினால் உங்கள் பாதைக்கு இன்னொரு விளைவும் உண்டு. பழைய ஜீப் தடங்களைக் கவனித்திருப்பீர்கள். வில்லிஸ் வழியில் வந்த சிஜே3பி ஜீப்பின் டிராக் சுமார் 1,230 மி.மீ. உங்கள் 1,210 அந்தத் தடத்தில் அச்சாக உட்காரும். 1,300 ஆக்கினால் இரண்டு பக்கமும் தடத்தின் விளிம்பில் ஏறி நிற்கும். அதைவிட முக்கியம், பள்ளத்துப் பக்கச் சக்கரம் பாதை விளிம்புக்கு 45 மி.மீ. நெருங்குகிறது. மழைக்குப் பிறகு தோட்டத்து வண்டிகள் உருளுவதில், சாய்வு தாங்காமல் உருளுவதைவிட ஓரத்து மண் பெயர்ந்து உருளுவதற்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். அந்த இரண்டு இடங்களிலும் மலைப் பக்கத்தை ஓர் அடி வெட்டி, பள்ளத்துப் பக்கம் கல் அடுக்கி மட்டம் செய்வதற்கு ஆகும் கூலியை ஆக்ஸில் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ மண்வெட்டிதான் ஜெயிக்கும் என்று தோன்றுகிறது.

டிராக்கை மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இந்த வண்டியின் கதையே சாட்சி. 1985-ன் கடைசியில் சுஸுகி இதே வண்டியை 1.3 லிட்டர் எஞ்சினோடு சாமுராய் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்கத் தொடங்கியது. அது அகல டிராக் வண்டி. நீங்கள் மாட்ட நினைக்கிற அதே 1,300, 1,310. 1988-ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, திடீரென வளைத்துத் திருப்பும் சோதனையில் வண்டி கவிழப் பார்க்கிறது என்று சொல்லி, ‘ஏற்கத்தக்கதல்ல’ என்று முத்திரை குத்தியது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு அதே ஆண்டு, வண்டியைத் திரும்பப் பெற உத்தரவிடக் கோரிய மனுவை ஏற்கவில்லை. சோதனையே ஒருதலைப்பட்சம் என்று சுஸுகி 1996-ல் வழக்குப் போட்டது. 2004-ல்தான் பணம் கைமாறாமல் சமரசமானது. யார் சொன்னது சரி என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அகல டிராக் என்றால் கவிழாது என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

மகனுடைய 235 டயர். இப்போதுள்ள 205/70-ன் மொத்த விட்டம் 668 மி.மீ. 235/75 ஆர்15-க்கு 733 மி.மீ. பாதி வித்தியாசம், அதாவது 33 மி.மீ., வண்டி முழுவதையும் மேலே தூக்கும். அகல ஆக்ஸில் கொடுத்த 2 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கை இது ஒன்றே விழுங்கிவிடும். கியர் விகிதமும் சுமார் 10 சதவீதம் உயர்ந்துவிடுவதால் 970 சிசி எஞ்சினுக்கு ஏற்றத்தில் இன்னும் ஒரு கியர் இறங்க வேண்டிவரும். கெத்து வேண்டும் என்றால் இருக்கிற அளவிலேயே நல்ல மட் டயர் வாங்கிக் கொடுங்கள்.

ஆர்.டி.ஓ. விஷயம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி முதலில் கொடுத்த அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் வீல்பேஸ் இருக்கும், டிராக் இருக்காது. அதனால் தப்பிக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது, மட்கார்டைத் தாண்டித் துருத்தும் டயர்தான் பிரேக் இன்ஸ்பெக்டரின் கண்ணில் முதலில் படும். 410டபிள்யூவின் ஆக்ஸில் அதே கம்பெனியின் பாகம் என்பதால் எடுத்துச் சொல்ல உங்களிடம் ஒரு நியாயம் இருக்கும். இருந்தாலும் வேலையைத் தொடங்கும் முன் ஆர்.டி.ஓ.வுக்கு எழுத்தில் கொடுத்துப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல். உங்கள் தகர பாடி ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். கேள்வியில் நீங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை, ஆனால் டிராக்கைவிட அதுதான் முதலில் மாட்டும்.

வேலை முடியும் வரை அந்தச் சரிவைக் கடக்கும்போது லோ கியர், ஒரே சீரான வேகம், நடுவில் பிரேக் வேண்டாம். மலைப் பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்புவதுபோல் தெரிந்தால் ஸ்டியரிங்கை மேட்டுப் பக்கம் வெட்டத்தான் கை போகும். வெட்டாதீர்கள், வண்டியைப் புரட்டுவது அதுதான். இடம் இருந்தால் பள்ளத்துப் பக்கம், இறக்கத்தைப் பார்த்துத் திருப்பினால் வண்டி நிமிரும். உங்கள் பாதையில் அப்படித் திருப்ப இடம் இல்லை என்றால், பாதையை வெட்டி மட்டம் செய்யும் வரை அந்தப் பக்கம் சுமையோடு போக வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் இறங்கி நடப்பதும் சரிதான், தடுக்காதீர்கள். வண்டிக்கு மேட்டுப் பக்கமாக நடக்கச் சொல்லுங்கள்.